ஆங்கில யாப்பும் அகவலோசையும்



ஆங்கிலக் கவிதைக்கு யாப்பு உண்டா என்று நம் மாணவர் பலர் ஐயுறுகின்றனர். எதுகையும் மோனையும் கண்ணிற்படாதபோது, அதனை வரி மடக்கி அச்சிட்ட உரைநடை என்றே எண்ணிவிடுகின்றனர். சேக்சுபியரும் மில்டனும் அவர்களுக்கு மனப்பாடப் பகுதியாக மட்டும் எஞ்சுகின்றனர்.

தமிழில் அசையை வகுப்பது எழுத்தின் அளவு. குறில், நெடில், ஒற்று ஆகியவற்றை அறிந்தவர் பாடலை வாய்விட்டுப் படிக்காமலே நேர், நிரை எனப் பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் அஃது இயலாது. அங்கே சீரை ஆள்வது அழுத்தம். 'ரெக்கார்ட்' என்னும் சொல்லின் முதலசையை அழுத்தினால் பெயர். இரண்டாமசையை அழுத்தினால் வினை. எழுத்தில் மாற்றமில்லை. நாமோ இரண்டையும் ஒன்றுபோல் ஒலித்துப் பழகிவிட்டோம். பொருள் விளங்கியும் ஓசை எட்டாமற் போவது இதனால்தான்.

'ஐயாம்பிக்' என்னும் ஆங்கிலச் சீரை, 'விழா' போன்ற குறில்நெடில் இணைந்த நிரையசையைக் காட்டி விளக்குவோர் உளர். இது பொருந்தாது. 'அபவ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் பெறும் இரண்டாமசையின் உயிர் குறிலே. நீளம் வேறு, அழுத்தம் வேறு. பட்டு நெய்யும் இவ்வட்டாரத்தார்க்கு இதனைத் தறியே உணர்த்தும்: நாடா ஓடும் மெல்லொலி, அடுத்து ஊடையை நெருக்கும் அடியின் வல்லொலி. இந்த இணை ஐந்து முறை வந்தால், பத்து அசையும் ஐந்து அழுத்தமும் கொண்ட ஆங்கில அடி ஒன்று அமைந்துவிடும்.

ஆனால் நல்ல கவிஞன் தறிபோல் ஒரே சீராக ஒலிப்பதில்லை. 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' இயைபற்ற அடிகளால் ஆனது. அதில் வாக்கியம் அடியெல்லை கடந்து ஓடும். சிற்சில இடங்களில் அழுத்தம் அடியின் முதலசைக்கே தாவும். செவி எதிர்பார்ப்பது ஒன்று, பேச்சு தருவது மற்றொன்று. அந்த இழுபறியே இன்பம். சொல் ஓரிடத்திலும் சீர் வேறிடத்திலும் முடியும் நம் வகையுளி இதற்குச் சற்று நெருங்கி வருகிறது.

1891இல் 'மனோன்மணீயம்' வெளியிட்ட சுந்தரம் பிள்ளை இதனை நன்குணர்ந்தவர் என்பது என் கருத்து. லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையைத் தழுவியும், ஆங்கில நாடக மரபைப் பின்பற்றியும் எழுதிய அவர், ஐந்தழுத்த அடியைத் தமிழில் வலிந்து புகுத்தவில்லை. நாற்சீர் அகவலையே பெரிதும் கையாண்டார். வெண்பாவின் தளைக்கட்டு அதற்கில்லை; வாக்கியம் அடி கடந்து இயல்பாகச் செல்லும். அகவுதல் என்றாலே அழைத்துக் கூறுதல்தானே! நாடகமாந்தர் பேச அதனினும் ஏற்ற பா நம்மிடம் ஏது?

மறுதிசையில், 1886இல் குறளை ஆங்கிலச் செய்யுளாக்கிய போப்பையர் அடியிறுதி இயைபை நாடினார். அவரது உழைப்பு போற்றுதற்குரியது. எனினும் இயைபு நிரப்ப வந்த சொற்கள் குறளின் சுருக்கத்தைப் பல இடங்களில் தளர்த்திவிட்டன.

மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ள இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆங்கிலக் கவிதையை முதலில் உரக்கப் படியுங்கள். அழுத்தம் விழும் அசைகளைப் பென்சிலாற் குறியுங்கள். எந்தப் பாவில் பெயர்ப்பது என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.