பிரின்சிபாலும் பிரின்சிபிளும்

(காரைக்குடியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் ஆங்கிலச் சொற்களை மாணவர்களுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று பேசச் சொன்னார்கள். இருபது முப்பது இணைகளைப் பட்டியலாகத் தருவதுதான் வழக்கம். அந்தப் பட்டியல் எல்லா நோட்ஸிலும் இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறார்கள். அதனால் இன்று ஒரே ஓர் இணையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏ, எல் என்று முடிகிற பிரின்சிபால். எல், இ என்று முடிகிற பிரின்சிபிள். இந்த இணையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் ஊர்தான். இதைக் கற்றுக்கொடுக்கக் காரைக்குடியைவிட வசதியான ஊர் இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் எழுத்துக் கூட்டல். இங்கிலாந்து, அமெரிக்கப் புத்தகங்களில் ஒரு சூத்திரம் இருக்கும். பிரின்சிபால் என்ற சொல்லின் கடைசி மூன்றெழுத்து பி, ஏ, எல். அது தனியே நின்றால் 'தோழன்' என்று பொருள். பள்ளித் தலைவர் உன் தோழன் என்று நினைத்துக்கொள், எழுத்து மறக்காது என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இது உதவுவதில்லை. தோழனைக் குறிக்கும் அந்தச் சிறு சொல்லையே அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஒன்றை நினைவில் வைக்க இன்னொன்றை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். போதாக்குறைக்கு, நம் அரசுப் பள்ளிகளில் பிரின்சிபாலே கிடையாது, தலைமையாசிரியர்தான்.

இதைவிட நல்ல வழி நம் வாயிலேயே இருக்கிறது. தமிழ்ப் பேச்சில் இந்த இரண்டு சொற்களையும் நாம் குழப்புவதே இல்லை. "காலேஜ் பிரின்சிபால்" என்கிறோம். "அவர் பிரின்சிபிள் உள்ள மனுஷன்" என்கிறோம். ஒன்றில் 'பால்', மற்றதில் 'பிள்'. எழுத்தில் இருப்பதை அப்படியே தமிழ் நாக்கு பிடித்து வைத்திருக்கிறது. அகராதிப்படி ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். ஆங்கிலேயப் பிள்ளைகள் இதில் தடுமாறுவதும் அதனால்தான். அவர்களுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கும்போது அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. எழுதும்போது தமிழ் நாக்கை நம்பு, பேசும்போது இரண்டையும் ஒன்றாகச் சொல் என்று நான் வகுப்பில் சொல்லிவிடுவேன்.

இனி பொருள். எல்லோரும் பிரின்சிபால் என்றால் கல்லூரி முதல்வர் என்று எழுதிப்போட்டு நிறுத்திவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு இன்னும் இரண்டு முக்கியமான பொருள்கள் உண்டு. கடனாகவோ வைப்பாகவோ போட்ட பணம் ஒன்று. தனக்காக வேலை செய்ய ஏஜெண்டை அமர்த்துகிறவர் இன்னொன்று. மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். கல்லூரியில் முதல்வர். கடனில் முதல். ஏஜெண்டுக்கு மேலே முதலாளி. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழிலும் ஒரே வேரில் நிற்கிறது. முன்னொட்டாக வரும்போதும் இதே கதைதான். அரசாணைகளில் பார்க்கிற பிரின்சிபால் செகரட்டரி நமக்கு முதன்மைச் செயலாளர். எங்கெல்லாம் தமிழில் 'முதல்' வருகிறதோ, அங்கெல்லாம் ஏ, எல். இந்த ஒரு வரி போதும், தோழன் சூத்திரம் வேண்டாம்.

ஏஜெண்டு, முதலாளி என்ற உறவைப் பிள்ளைகளுக்கு விளக்க நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. இந்தத் தெருக்களில் இருக்கிற பெரிய வீடுகளே அந்த உறவில் கட்டியவை. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், பணம் போட்ட முதலாளி பெரும்பாலும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சுற்றுப்புறத்து ஊர்களிலோ இருந்தார். கடல் தாண்டிப் போய்க் கடையை நடத்தியவர் ஏஜெண்டு. பொதுவாக மூன்றாண்டுத் தவணை. கையில் முதலாளி கொடுத்த பவர் பத்திரம். அவருக்குக் கீழே மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். தவணை முடிந்ததும் ஐந்தொகை போட்டுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 182-ஆம் பிரிவில் ஏஜெண்டு என்பவர் யார், அவரை அமர்த்துகிற பிரின்சிபால் என்பவர் யார் என்று விளக்குகிறது. சட்டம் வரையறுத்த அந்த உறவு நம் ஊரில் அன்றாட வாழ்க்கையாக இருந்தது. வகுப்பில் இரண்டு பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்து, ஒருவன் காரைக்குடி, ஒருவன் ரங்கூன் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். யார் சார்பாக யார் கையெழுத்துப் போடுகிறார் என்று மட்டும் கேளுங்கள்.

பணத்தைக் குறிக்கிற பிரின்சிபாலுக்கும் பர்மாக் கதை உதவும். இதை எட்டாம் வகுப்புக்கு மேல்தான் சொல்வேன், ஏனென்றால் இதில் இரண்டு பக்கத்து வருத்தமும் இருக்கிறது. கீழ் பர்மாவின் உழவர்கள் நிலத்தை ஈடு வைத்துச் செட்டியார் கடைகளில் கடன் வாங்கி நெல் விளைவித்தார்கள். 1930-ல் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. வட்டி கட்ட முடியவில்லை, முதலைப் பற்றிப் பேச்சே இல்லை. ஈடு வைத்த நிலம் கடைகளின் பெயருக்கு மாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு அளவில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 25 பங்காகிவிட்டது. நிலம் போனது உழவனுக்குப் பேரிழப்பு. அதே நேரத்தில், பணத்தைச் சுழற்றிப் பிழைக்கிறவருக்கு விற்க முடியாத நிலம் வந்து சேர்ந்ததும் இலாபமாக இல்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1948-ல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 'முதலுக்கே மோசம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதன் முழுப் பொருள் இது. இரண்டு தரப்பையும் சொல்லாமல் ஒரு தரப்பை மட்டும் சொன்னால் அது வரலாறாகாது. நம் ஊர்ப் பெருமை என்று சொல்லிக் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

அந்தத் தொழிலில் சேர்ந்த முதலில் ஒரு பகுதி கல்விக்கும் வந்தது. வள்ளல் அழகப்பர் 1947-ல் இங்கே கலைக் கல்லூரி தொடங்கினார். அன்றிலிருந்து பணம் என்ற பிரின்சிபால் மட்டுமல்லாமல் நாற்காலியில் அமர்கிற பிரின்சிபாலும் காரைக்குடிக்கு உண்டு.

அடுத்து, எல், இ என்று முடிகிற பிரின்சிபிள். இது ஆளையும் குறிக்காது, பணத்தையும் குறிக்காது. வேறொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதை வருணிக்கவும் செய்யாது. இதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சிக்கல் வேறு. ஆங்கிலத்தில் ஒரே சொல், நம் பாடநூல்களில் பாடத்துக்குப் பாடம் வேறு தமிழ். அறிவியலில் ஆர்க்கிமிடிஸ் தத்துவம். குடிமையியலில் அரசு நெறிமுறைக் கோட்பாடுகள், அரசியலமைப்பின் நான்காம் பகுதியில் வருவது. செய்தித்தாளில் "திட்டத்துக்குக் கொள்கை அளவில் ஒப்புதல்". வீட்டில் தாத்தாவைப் பற்றிப் பேசும்போது "கொள்கைப் பிடிப்பு". தத்துவம், கோட்பாடு, கொள்கை மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் என்று யாராவது சொன்னால்தான் பிள்ளைக்குத் தெரியும். ஆங்கில ஆசிரியர் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் அந்தந்தப் பாடம் வரும் நாளில் ஆங்கிலச் சொல்லையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய, 1953-ல் திறக்கப்பட்ட நம் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால், மின்முலாம் பூசுவதைக் காட்டி இது எந்தத் தத்துவத்தில் நடக்கிறது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டால் இந்தச் சொல் இல்லாமல் கேட்பது கடினம்.

இரண்டும் ஏன் இவ்வளவு ஒத்திருக்கின்றன என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும். இரண்டுக்கும் தாய் ஒன்றே. லத்தீனில் முதலாவதாக இருப்பவரைக் குறித்த சொல்லிலிருந்து ஒன்று வந்தது. அதே சொல்லிலிருந்து பிறந்து 'தொடக்கம்' என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து மற்றது வந்தது. இன்னும் சுவையான செய்தி ஒன்று. நாம் கணக்கில் எழுதுகிற 'அசல்' அரபிச் சொல். அங்கே அதற்கு வேர், மூலம் என்று பொருள். அதன் பன்மை 'உசூல்'. அதற்கு அடிப்படைக் கோட்பாடுகள் என்று பொருள். ஒருமையில் பிரின்சிபால், பன்மையில் பிரின்சிபிள் என்று வைத்துக்கொள்ளலாம். இதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்லுங்கள். உருது தெரிந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அன்று அவன்தான் ஆசிரியர்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அம்மா மகளிர் குழு மூலம் வாங்கிய கடனின் தவணை அட்டையைக் கொண்டுவந்தாள். விவரங்கள் தமிழில் இருந்தன, தவணை அட்டவணையின் தலைப்புகள் மட்டும் ஆங்கிலத்தில். "டீச்சர், பிரின்சிபால்னா காலேஜ்லதானே இருப்பாங்க? அவங்களுக்கு எதுக்கு மாசாமாசம் பணம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுத்த பொருள் அது ஒன்றுதான்.

ஏழாம் வகுப்பில் தனிவட்டி, எட்டில் கூட்டு வட்டி நடத்துகிறோம். தமிழ்வழிப் பிள்ளைக்கு 'அசல்' தெரியும். சூத்திரத்தில் 'பி' என்ற எழுத்து எந்தச் சொல்லின் முதலெழுத்து என்று தெரியாது. ஆங்கிலவழிப் பிள்ளைக்குப் பிரின்சிபால் தெரியும். வீட்டில் அம்மா 'முதல்' என்று சொல்வது அதைத்தான் என்று தெரியாது. இரண்டு பிள்ளைகளும் அட்டையைப் படித்துச் சொல்ல முடியாமல் நிற்கிறார்கள்.

அன்று கரும்பலகையில் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டோம். கடன் 30,000 ரூபாய், மாதம் நூற்றுக்கு 2 வட்டி, நிலுவைக்கு மட்டும் வட்டி, 24 தவணை. தவணைத் தொகை ஏறத்தாழ 1,586 ரூபாய். முதல் மாதம் அதில் 600 ரூபாய் வட்டிக்குப் போகிறது, 986 ரூபாய்தான் முதலில் கழிகிறது. கடைசி மாதம் வட்டி 31 ரூபாய்தான். பன்னிரண்டு தவணை கட்டி முடித்தபோது கையை விட்டுப் போன பணம் 19,032 ரூபாய். பாதிக் காலம் முடிந்தது, பாதிக் கடனுக்கு மேலேயே தீர்ந்தது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். முதலில் கழிந்திருப்பது ஏறத்தாழ 13,225. இன்னும் நிற்கிற முதல் 16,775 ரூபாய்க்குப் பக்கத்தில். அட்டையில் பிரின்சிபால் அவுட்ஸ்டாண்டிங் என்று ஒரு கட்டம் இருக்கும், அந்த எண் அதுதான். இடையில் நகையை விற்றோ சீட்டு எடுத்தோ கடனை மொத்தமாக முடிக்க நினைக்கிற அம்மா, வசூலுக்கு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

மறுநாள் ஐந்தாறு பிள்ளைகள் வீட்டிலிருந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாருடைய கடன் எவ்வளவு என்று வகுப்பில் சொல்லக் கூடாது, கட்டத்தின் பெயரை மட்டும் எழுதி வாருங்கள் என்று சொல்லியிருந்தேன். இதை நீங்களும் கவனமாகச் செய்யுங்கள். ஒரு வீட்டுக் கடன் அடுத்த பிள்ளைக்குத் தெரிவது நல்லதல்ல. மாதிரிக் கணக்கை எப்போதும் நீங்களே தயாரித்துக் கொண்டுபோங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இந்த ஆங்கிலச் சொற்களுக்குப் போகவே வேண்டாம். மூன்றாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் 'முதல்' என்ற தமிழ்ச் சொல்லை வைத்து விளையாடினால் போதும். முதல் பெஞ்ச், கைமுதல், முதலாளி, முதல்வர் என்று பிள்ளைகளே சொல்லட்டும். ஆறாம் வகுப்பில் எங்களிடம் வரும்போது ஆங்கிலச் சொல்லை மாட்டுவதற்கு ஓர் ஆணி அடித்து வைத்தது போலாகும். உயர்நிலைப் பள்ளிக்காரர்கள் கணக்கு ஆசிரியரோடு பேசி, கூட்டு வட்டி நடத்துகிற வாரத்திலேயே ஆங்கில வகுப்பில் இந்த இணையை வையுங்கள்.

நான் போட்ட மாதிரி அட்டவணையின் நகல் ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். 24 தவணையும் அதில் உண்டு. தலைப்புகளை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறேன். தேநீர் வருவதற்குள் மேசைக்கு மேசை அந்தக் கட்டங்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் நிரப்பிவிடுங்கள். பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.