ஓமந்தூரார்: ஒரு கமக்காரர் நடத்திய ஆட்சி



அரசியல் என்பது நியாயதுரந்தரர்களின் தொழில் என்று எண்ணிப் பழகிவிட்டோம் நாம். ஆனால், 1947ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பதவியை ஏற்றவர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரிலே கமஞ்செய்து வாழ்ந்தவர். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாதவர். 1895இற் பிறந்த இராமசாமி ரெட்டியார் அவர்களே அவர். பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்தபோது, காமராசரின் ஆதரவு அவரைப் பதவியில் ஏற்றியது. பதவி ஈராண்டும் சில நாள்களுமே நீடித்தது. அதற்குள் அவர் தொட்டவை நிலமும் கோயிலும். இவ்விரண்டையும் தொடுவோருக்குப் பகை குறைவதில்லை!

முதலில் நிலம். 1802இல் ஆங்கிலக் கும்பினியார் செய்த நிரந்தரத் தீர்வையினால் ஊர் ஊராக ஜமீன்தார் கைக்குப் போயின. உழுதவன் ஜமீனுக்கு வாரம் அளந்தான். ஜமீன்தாரோ அரசுக்கு என்றும் மாறாத ஒரு தொகையைக் கட்டிவிட்டு மிகுதியைத் தாம் வைத்துக்கொண்டார். சிறுகச் சிறுகத் தோட்டமும் வயலும் சொந்தமாக வைத்திருக்கும் நம் குடாநாட்டுக் கமக்காரருக்கு இக்கொடுமையின் ஆழம் எளிதில் விளங்காது. ஓமந்தூராரின் அரசு 1947இல் வாரத்தைக் குறைக்க ஒரு சட்டம் செய்தது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தையே நிறைவேற்றியது. ஜமீன்தாருக்கு நட்டஈடு கொடுத்து நிலத்தை அரசு ஏற்றது. உழுத குடிகள் அரசுக்கு நேரே வரி செலுத்தும் பட்டாதாரராயினர்.

குறையையும் சொல்லவேண்டும். ஜமீன் அல்லாத நிலத்தை அச்சட்டம் தொடவில்லை. தஞ்சையின் மிராசுதாரரிடம் குத்தகைக்குப் பயிரிட்டவனும் பண்ணையாளும் ஓரளவு பாதுகாப்புப் பெற 1952 வரை காத்திருந்தனர். பொது ஒழுங்கு காக்கும் சட்டத்தின் பேரால் கம்யூனிஸ்டுகள் பலர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டதும், 1948இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்த முயன்று பெரியாரின் மறியலைச் சந்தித்ததும் அவ்வாட்சியிலேதான். மொழியின் பேரால் நாம் பட்டவற்றை அறிந்தவர்களாகையால் இதை மறைத்துப் பேச நம்மால் இயலாது.

இனிக் கோயில். 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். அதன்பின்னும் எத்தனையோ கோயில்களின் கதவு திறக்கவில்லை. 1947இல் ஓமந்தூராரின் அரசு ஆலயப் பிரவேசத்தை மாகாணம் முழுமைக்கும் சட்டமாக்கியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல்லாண்டு போராடினாரே, அதற்கும் அதே ஆண்டில் சட்டம் பிறந்தது. இவற்றைச் செய்தவர் நாத்திகர் அல்லர். வள்ளலாரைக் குருவாகக் கொண்ட பக்தர். இங்கேயோ, 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்து பதினொரு ஆண்டுக்குப் பின்னும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தமிழரைத் தமிழரே மறித்து நின்றனர். நெற்றியில் நீறு நிறையப் பூசிக்கொண்டுதான் நின்றனர். அவர்கள் முன்னே ஓமந்தூராரின் பக்தியை எடுத்துச் சொல்ல அன்று ஒருவரும் இல்லாமற் போனாரே என்பதே நம் வருத்தம்.

கட்சிக்காரரின் சிபாரிசுக்கு இடங்கொடாதவர் என்று பெயரெடுத்தார். அப்படிப்பட்டவருக்குக் கட்சியில் எத்தனை நாள் இடமிருக்கும்? காமராசரோடும் பிணக்கு முற்றியது. 1949 ஏப்ரலிற் பதவி துறந்தார். குமாரசாமி ராஜா முதலமைச்சரானார். ஓமந்தூரார் வேறு நாற்காலி தேடவில்லை. வள்ளலார் அன்னம் பாலித்த வடலூருக்குப் போய், சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, அநாதைப் பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் அளிக்கும் பணியில் இறங்கினார். 1970 ஆகஸ்ட் 25ஆம் திகதி காலமானார்.

சென்னையிலே அவர் பெயர் தாங்கிய அரசினர் தோட்டத்தில், புதிய தலைமைச் செயலகத்துக்கென்று 2010இல் திறந்த மாளிகை, ஆட்சி மாறியபின் 2014இல் வைத்தியசாலையாயிற்று. நோயாளரைக் கூட்டிச் செல்வோர் அதனை 'ஓமந்தூரார் ஆஸ்பத்திரி' என்றே சொல்கின்றனர்.