மூன்று கிராம் விருந்தாளி



கறவை மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு நாம் பேசப் போவது வேறு ஒரு தீவனம். பால் கறக்காத, முட்டை விற்காத ஒரு காட்டுப் பறவை. எடை போட்டால் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் நிற்கும். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, அதைப் பார்க்க வருகிறவர்களைத் தங்க வைத்து, அந்த வரும்படியையும் சேர்த்து வறண்ட மலைப் பண்ணையைக் காப்பாற்றிக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்தப் பறவையை எப்படிக் கவனிக்கிறார்கள், அதில் நமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று பார்க்கலாம்.

எந்த ஊர்ப் பண்ணை?

அமெரிக்காவில் அரிசோனா என்று ஒரு மாநிலம். அதன் தென்கிழக்கு மூலை, மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய பூமி. அடிவாரம் முழுக்கப் பாலைவனமும் முள்ளுக் காடும்தான். அங்கே வளர்கிற மெஸ்கீட் மரம் நம்ம ஊர்ச் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி. நம் வேலியோரச் சப்பாத்திக் கள்ளிக்கும், நார் எடுக்கிற ஆனைக் கற்றாழைக்கும் பூர்வீகம் அந்தக் கண்டம்தான். அடிவாரத்தில் ஆண்டு முழுதும் பெய்கிற மழை 15 அங்குலம் போல. அதிலும் பாதி, ஜூலை முதல் செப்டம்பருக்குள் இடியும் மின்னலுமாக விழுந்து தீர்ந்துவிடும்.

இந்தப் பாலைவனத்துக்கு நடுவே ஆங்காங்கே மலைகள் எழும்பி நிற்கின்றன. ஹுவாச்சுக்கா, சிரிக்காவா, சான்டா ரீட்டா என்று பெயர்கள். ஹுவாச்சுக்காவின் மில்லர் சிகரம் 9,466 அடி உயரம். மேலே ஏற ஏற முள் மரம் குறைந்து ஓக் மரம் வரும், அதற்கும் மேலே பைன் மரம். பள்ளத்தாக்குகளில் ஊற்று நீர் கசியும். கடலுக்கு நடுவே தீவு இருக்கிற மாதிரி பாலைவனத்துக்கு நடுவே பசுமை. அதனால் இந்த மலைகளுக்கு 'வானத் தீவுகள்' என்றே பெயர். மெக்ஸிகோவிலிருந்து வடக்கே வருகிற பறவைகளுக்கு இவைதான் தங்கு மடம்.

மாடு மேய்த்த பண்ணைகள்தான் இங்கே விருந்தினர் பண்ணைகளாக மாறின. சிரிக்காவா மலையில் ஸ்வீடனிலிருந்து வந்து குடியேறிய எரிக்சன் குடும்பத்தின் பண்ணை இருந்தது. 'ஃபாரவே' என்று அதற்குப் பெயர். தொலைவான இடம் என்று பொருள். 1917இல் அந்த வீட்டுப் பெண்கள் காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளிகளை ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். மூத்த மகள் லில்லியன் பின்னாளில் கண் பார்வையை இழந்தும், பண்ணையை விடாமல் பல ஆண்டுகள் நடத்தினார். 1979இல் அதைத் தேசியப் பூங்காத் துறை வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்தில் விருந்தாளிகள் குதிரை ஏறவும் பாறைகளைப் பார்க்கவும் வந்தார்கள். இப்போது இந்த மலைகளுக்கு வருகிறவர்களில் பலர் பைனாகுலரும் கையுமாகப் பறவை பார்க்க வருகிறார்கள். அவர்கள் முதலில் தேடுவது ரீங்காரச் சிட்டு. ஹம்மிங் பேர்ட் என்று படித்த பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான்.

எப்படிப்பட்ட பறவை?

நம் கொல்லையில் செம்பருத்திக்கும் வாழைப்பூவுக்கும் வருகிற தேன்சிட்டுதானே என்று நினைப்பீர்கள். பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் உறவு வேறு. ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர இன்று உலகில் வேறெங்கும் கிடையாது. அதற்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? நம் பனைமரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிறதே உழவாரக் குருவி, அந்தக் கூட்டம்தான்.

நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்து தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டோ பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். பின்பக்கமாகவும் பறக்கும். சிறிய சாதிகள் ஒரு நொடிக்கு 50 தடவை போலச் சிறகடிக்கும். அந்தச் சத்தம்தான் ரீங்காரம். நாக்கு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதை நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை நீட்டி இழுத்துத் தேனை எடுக்கும். ஆண் பறவையின் தொண்டை ஒரு பக்கம் பார்த்தால் கறுப்பு, திரும்பினால் நெருப்புச் சிவப்பு. மயில் கழுத்தில் வெயில் படும்போது நிறம் மாறுகிறதே, அதே விதம்தான்.

இவ்வளவு வேலை செய்கிற உடம்புக்குத் தீனி எவ்வளவு வேண்டும்? ஒரு நாளில் தன் எடை அளவுக்கோ அதற்கு மேலோ தேன் குடிக்கும். பறக்கும்போது இருதயம் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அடிக்கும். இரவில் பட்டினி தாங்காது. ஆகவே குளிர்ந்த இரவுகளில் உடம்புச் சூட்டை இறக்கி, இருதயத் துடிப்பை 50 அளவுக்குக் கொண்டுவந்து, செத்தது போலக் கிளையில் கிடக்கும். விடியும்போது உடம்பை நடுக்கி, இருபது நிமிஷம் போலச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்பும். கிளம்பின கையோடு தீனி கிடைக்க வேண்டும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரரின் பொறுப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சர்க்கரைத் தண்ணீர்ப் பக்குவம்

வெள்ளைச் சர்க்கரை ஒரு டம்ளர், தண்ணீர் நான்கு டம்ளர். கலக்கி ஆற வைத்து, சிவப்பு மூடி போட்ட சிறு புட்டியில் ஊற்றிக் கட்டித் தொங்கவிடுவார்கள். பூவில் இருக்கிற தேனின் இனிப்புக்கு இது ஏறக்குறைய சமம். வேறெதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

"வெல்லம் போட்டால் என்ன? தேன் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். கூடாது. வெல்லத்திலும் பழுப்புச் சர்க்கரையிலும் இருக்கிற இரும்புச் சத்து இந்தப் பறவைக்கு ஆகாது. தேனைத் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். மூடி சிவப்பாக இருந்தால் போதும், பறவை கண்டுபிடித்து வந்துவிடும்.

வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பழைய தண்ணீரைக் கொட்டி, சுடுதண்ணீர் விட்டுப் புட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். புளித்துப்போன தண்ணீரும், புட்டிக்குள் படிகிற கறுப்புப் பூஞ்சணமும் பறவையை நோயில் தள்ளும். பத்துப் புட்டி கட்டிவிட்டுக் கழுவாமல் விடுவதைவிட ஒரு புட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது மேல். கட்டின மாட்டுக்கு வேளைக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி, புட்டியைக் கட்டினவர் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

எறும்புக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? புட்டி தொங்குகிற கம்பியில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கோத்து அதில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். நம் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறோமே, அதே உபாயம்தான்.

உட்கார்ந்து பாருங்கள்

இப்போது நீங்கள் அந்தப் பண்ணையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதம், மழைக்குப் பிந்தின நேரம். பத்தடி தூரத்தில் புட்டிகள். அசையாமல் இருந்தால் காதோரமாகவே பறந்து போகும்.

முதலில் ஒரே குழப்பமாகத்தான் இருக்கும். கால் மணி நேரம் போனதும் ஆளாளுக்கு அடையாளம் பிடிபடும். சிவந்த அலகும் நீலப்பச்சை உடம்புமாக ஒன்று. வெள்ளை வெளேரென்ற மார்போடு ஒன்று, அது ஊதாக் கொண்டைச் சிட்டு. மற்ற பலவற்றைப் போல இரண்டு மடங்கு எடையோடு, எட்டு கிராம் போல ஒன்று வரும். அது நீலத் தொண்டைச் சிட்டு, மெக்ஸிகோவுக்கு வடக்கே இருக்கிறவற்றில் பெரியது. இந்த மூலையில் மட்டும் ஓர் ஆண்டில் பதினைந்து சாதி வரை பார்க்கிறார்கள்.

அதோ, செங்கல் நிறத்தில் ஒன்று வந்து ஒரு புட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றதை எல்லாம் விரட்டுகிறது. வாய்க்கால் மடையில் நின்றுகொண்டு அடுத்த வயலுக்குத் தண்ணீர் விடாத ஆளைப் பார்த்திருப்பீர்களே, அதே குணம். ரூஃபஸ் என்று பெயர். சண்டைக்காரன் என்று ஏசிவிடாதீர்கள். அலாஸ்கா வரைக்கும் போய்க் குஞ்சு பொரித்துவிட்டு மெக்ஸிகோவுக்குத் திரும்புகிற வழி அது. ஒரு போக்குக்கு 6,000 கிலோமீட்டர் வரை பறக்கிறது. வழியில் உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளாவிட்டால் ஊர் போய்ச் சேராது. பண்ணைக்காரர்கள் அதை விரட்டுவதில்லை. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வீட்டைச் சுற்றிப் பல இடத்தில் புட்டிகளைக் கட்டிவிடுகிறார்கள். ஒரு ஆள் எத்தனை மடையைத்தான் காக்க முடியும்?

பக்கத்தில் படகோனியா என்று ஒரு சிற்றூர். அங்கே 1970களில் குடிவந்த பேட்டன் தம்பதி தங்கள் வீட்டுக் கொல்லையில் புட்டிகளைக் கட்டி, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். சர்க்கரைச் செலவுக்கென்று ஒரு உண்டியல் மட்டும் தொங்கியது. அவர்கள் காலத்துக்குப் பிறகு, 2014இல் டூசான் ஆடுபான் சங்கம் அந்த இடத்தை ஏற்றுக்கொண்டது. பறவை பார்க்க வருகிறவர் அந்த ஊரில் சாப்பிடுகிறார், தங்குகிறார், பெட்ரோல் போடுகிறார். சர்க்கரைக்குப் போட்ட காசு ஊருக்குள் சுற்றி வருகிறது.

இரவு விருந்தாளிகள்

ராத்திரியில் வேறு ஆட்கள் வருவார்கள். கரடிக்கு இனிப்பென்றால் உயிர். அதனால் கரடி நடமாட்டமுள்ள இடங்களில் பொழுது சாய்ந்ததும் புட்டிகளை உள்ளே எடுத்து வைத்து, விடிவதற்குள் மறுபடி கட்டுகிறார்கள். விடிகாலைப் பசி பற்றிச் சொன்னேனே, அதற்காகத்தான்.

ஆகஸ்ட், செப்டம்பரில் தேன் குடிக்கும் நீளமூக்கு வௌவால்கள் வந்து இரவோடிரவாகப் புட்டியைக் காலி செய்துவிடும். காலையில் பார்த்தால் சொட்டுக்கூட இருக்காது. ஆனாலும் பலர் வேண்டுமென்றே வெளியே விட்டுவைக்கிறார்கள். ஆனைக் கற்றாழைக்கும் பெரிய சாகுவாரோ கள்ளிக்கும் மகரந்தம் சேர்க்கிற ஜீவன் அது. 1988இல் அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலில் சேர்த்தார்கள். குகைகளைக் காத்து, கற்றாழையைக் காத்து, அதன் எண்ணிக்கை பெருகியதால் 2018இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எந்த இரவில் எவ்வளவு சர்க்கரைத் தண்ணீர் குறைந்தது என்று வீட்டுக்காரர்கள் குறித்துக் கொடுத்த கணக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு உதவியது.

புட்டி பந்தல்தான், மலைதான் வீடு

இந்தப் பறவை சர்க்கரைத் தண்ணீரிலேயே உயிர் வாழ்ந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை என்பது பறக்கிற பலத்துக்கு விறகு. சதை வளர்வதற்குக் கொசு, சிறு வண்டு, சிலந்தி வேண்டும். குஞ்சுக்கு முக்கியமாக அதுதான் ஊட்டம். கூடு கட்டப் பஞ்சும் சிலந்தி நூலும் வேண்டும். சிலந்தி நூல் விரிந்து கொடுப்பதால் குஞ்சு வளர வளரக் கூடும் பெரிதாகும். இதை எல்லாம் கொடுப்பது மலை. பண்ணைக்காரர் கொடுப்பது வழியில் ஒரு நீர்மோர்ப் பந்தல் மாதிரிதான்.

2011 ஜூனில் ஹுவாச்சுக்கா மலையில் பெருந்தீ பிடித்தது. 30,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. அடுத்த மாதம் மழை வந்தது. பிடித்து நிறுத்த மரமும் புல்லும் இல்லாததால் மண்ணும் பாறையும் வெள்ளமாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கின. மில்லர் பள்ளத்தாக்கிலிருந்து டூம்ப்ஸ்டோன் ஊருக்கு 1880களில் போட்ட குடிதண்ணீர்க் குழாயும் சேதமானது. புட்டியை ஒரு மணி நேரத்தில் மறுபடி கட்டிவிடலாம். ஊற்றையும் மண்ணையும் நிழலையும் அப்படிக் கட்ட முடியுமா? பறவையை வைத்துப் பிழைக்கிற பண்ணைக்கு முதல் என்பது புட்டியில் இல்லை, மேலே மலையில் இருக்கிறது.

நமக்கு என்ன?

நம் தேன்சிட்டுக்குப் புட்டி கட்ட வேண்டிய அவசியமில்லை. கிணற்றடியில் ஒரு செம்பருத்தி, வேலியோரம் ஒரு முருங்கை, கொல்லையில் நாலு வாழை இருந்தால் அது தானே வரும். பூ மலர்ந்திருக்கிற காலை நேரத்தில் பூச்சி மருந்து அடிக்காதீர்கள். தேன் குடிக்கிற குருவியும் தேனீயும் வருகிற நேரம் அதுதான். திண்ணைக் கம்பியிலோ கொடியிலோ நூலாம்படையும் சருகுமாக ஒரு சின்னப் பை தொங்கினால், குப்பை என்று பிடுங்கிப் போடாதீர்கள். தேன்சிட்டின் கூடாக இருக்கலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்கு மேலே மலையோ கரடோ இருந்தால், அதில் மரம் நிற்கிறதா, மழைத் தண்ணீர் தெளிந்து இறங்குகிறதா, கலங்கி இறங்குகிறதா என்று இந்த மழைக்கு ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.