தாதியர் சோர்வும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை உங்கள் முன் சில நிமிஷ நேரம் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டபோது, கல்வி, கைத்தொழில், விவாகச் செலவு முதலிய வழக்கமான விஷயங்களுள் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாமென்று முதலில் எண்ணினேன். பின்னர், சில வருஷங்களாக என் மனத்தை உறுத்திவரும் விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுவதே நேர்மையெனத் தோன்றிற்று. ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் நோயாளியின் பக்கத்தில் நின்று ஊழியம் செய்யும் நர்சுகளாகிய தாதியர் அடையும் சோர்வைப் பற்றியதே அது. நான் வைத்தியனல்லன், கடை வைத்துப் பிழைக்கும் வியாபாரி. ஆயினும், இவ்விஷயத்தில் குற்றம் செய்தவன் என்ற முறையில் பேசும் பாத்தியதை எனக்கு உண்டு.

2019-ஆம் வருஷத்தில் என் தாயார் நோயுற்று ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். படுக்கையைச் சுற்றி நாங்கள் ஒன்பது பேர் நின்றிருந்தோம். நள்ளிரவில் குளுக்கோஸ் புட்டி தீர்ந்துவிட்டது. மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்தே நர்ஸ் வந்தார். வார்டு முழுவதும் கேட்கும்படி நான் அவரை ஏசினேன். அவர் ஒரு வார்த்தையும் மறுமொழி கூறாமல் புட்டியை மாற்றிவிட்டுச் சென்றார். அவர் எத்தனை பேரைப் பார்த்துவிட்டு வந்தார், எப்பொழுது ஆகாரம் உண்டார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சுற்றி நின்ற உறவினரோ, நான் சாமர்த்தியமாகப் பேசியதாக மெச்சினார்கள்.

இரண்டு வருஷம் சென்றது. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் கொரோனா நோயின் இரண்டாம் அலை நாட்டை உலுக்கியது. அப்பொழுது என் தங்கையின் மகள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஒரு மாதம் கழித்து வீட்டிற்கு வந்தவள் சரியாக உண்ணவில்லை, யாருடனும் பேசவில்லை. ஒரு நாள் என்னிடம் மாத்திரம் சொன்னாள்: "மாமா, நோயாளி கூப்பிட்டால் இப்போது எனக்கு இரக்கம் வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. நான் கெட்டவளாகிவிட்டேனா?" இரவு டியூட்டியில் இருபதுக்கு மேற்பட்ட நோயாளிகளைத் தனியே கவனித்ததையும், ஒருவருக்கு மூச்சுத் திணறும்போது மற்றொருவரின் மகன் தன்னை ஏசியதையும் கூறினாள். அம்மகனிடத்தில் நான் என்னையே கண்டேன்.

அப்பொழுது நாங்கள் அவளுக்குச் சொன்ன ஆறுதல் யாது? "எல்லோரும்தான் கஷ்டப்படுகிறார்கள், மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்பதே. நான்கு மாதங்களில் அவள் வேலையை விட்டுவிட்டாள். இன்று ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுகிறாள். கணக்கெழுதுவது தாழ்ந்த தொழிலன்று. ஆனால் அவள் நான்கு வருஷம் நர்ஸிங் படித்தது நமது சங்கத்தின் உபகாரச் சம்பளத்தைக் கொண்டு என்பதை நீங்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

நிற்க. இச்சோர்வு யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். நாள் முழுதும் உழைத்தவன் இரவில் உறங்கிக் காலையில் தெளிவுடன் எழுந்தால், அவனுக்கு நேர்ந்தது களைப்பு. உறங்கியும் நீங்காமல், மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமென்ற நினைவு வந்த மாத்திரத்தில் நெஞ்சை அழுத்துவது வேறொன்று. ஆங்கிலத்தில் இதனைப் 'பர்ன் அவுட்' என்பர். எண்ணெய் வார்ப்பாரின்றி எரியும் விளக்கில் திரியே கருகிப்போவதற்கு இது ஒப்பாகும். 1974-இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் மனோதத்துவ நிபுணர், நியூயார்க் நகரத்து இலவச வைத்தியசாலையில் ஊழியம் செய்வோரிடத்தும் தம்மிடத்தும் கண்ட நிலையை இப்பெயரால் எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தார். முதலாவது, உள்ளம் முற்றும் வறண்டுபோதல். இரண்டாவது, நோயாளியை மனிதராகக் கருதாமல் படுக்கை எண்ணாகக் கருதும் அளவுக்கு மனம் மரத்துப்போதல். மூன்றாவது, தான் செய்வதால் யாருக்கும் பயனில்லை என்று எண்ணுதல்.

"நான் கெட்டவளாகிவிட்டேனா?" என்று அப்பெண் கேட்டாளே, அது இரண்டாவது அடையாளமன்றோ? அவள் கெட்டவளாகவில்லை. இரக்கம் மிகுந்தவர்களுக்கே இந்நிலை பெரும்பாலும் மனவேதனை தருகிறது. இரக்கமே அறியாதவர்கள் அது போய்விட்டதென்று வருந்தமாட்டார்கள்.

2019-இல் உலக சுகாதார ஸ்தாபனம் தன் நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் இதனைச் சேர்த்தபோது, இஃது ஒரு நோயன்று, வேலையைச் சார்ந்து உண்டாகும் நிலை என்றே குறித்தது. பணியிடத்தின் நீடித்த நெருக்கடி முறையாகச் சீர்செய்யப்படாமையால் விளைவது என்பது அதன் கருத்து. குறையைத் தேடவேண்டிய இடம் அப்பெண்ணின் மனமன்று. அவளுக்கு வேலை பகிர்ந்தளிக்கப்பட்ட விதமே என்பது இதனாற் பெறப்படும்.

இதற்குக் கணக்கும் உண்டு. வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கே நம்பிக்கை தருவது. லிண்டா எய்க்கன் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். 10,000-க்கு மேற்பட்ட நர்சுகளும், ரண சிகிச்சை பெற்ற 2,30,000-க்கு மேற்பட்ட நோயாளிகளும் அக்கணக்கில் அடங்குவர். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி அதிகமாகுந்தோறும், அந்நர்ஸ் இச்சோர்வுக்கு ஆளாகும் சாத்தியம் 23 சதவிகிதமும், நோயாளி 30 நாட்களுக்குள் மரிக்கும் சாத்தியம் 7 சதவிகிதமும் கூடியிருந்தன. தாதியின் சோர்வு தாதியோடு நிற்பதன்று. படுத்திருக்கும் நம் தாயையும் தந்தையையும் தொடுவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நமது தேசத்தில் இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவுப்படி, பொது வார்டுகளில் போதனா ஆஸ்பத்திரியாயின் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸும், ஏனைய ஆஸ்பத்திரியாயின் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸும் இருத்தல் வேண்டும். என் தங்கை மகள் பார்த்ததோ இருபதுக்கு மேல். ஊதியத்தின் கதையும் இத்தகையதே. 2016-இல் சுப்ரீம் கோர்ட்டின் உத்தரவுப்படி அமைந்த கமிட்டி, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் சர்க்கார் சம்பளத்துக்கு ஒப்பாகவும் கொடுக்கவேண்டுமென்று சிபாரிசு செய்தது. அது எவ்வளவு தூரம் கைக்கு வந்திருக்கிறதென்று உங்கள் வீட்டுப் பெண்களையே கேளுங்கள்.

2020-ஆம் வருஷம் மார்ச் மாதம் 22-ஆம் தேதி மாலை 5 மணிக்கு நாம் எல்லோரும் வாசலில் நின்று கைதட்டினோம். மே மாதம் 3-ஆம் தேதி ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின்மேல் பூமாரி பொழிந்தன. நன்றி காட்டியது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் கைதட்டல் உறக்கமாகாது. பூமாரி உதவிக்கு வரும் இரண்டாவது நர்ஸாகாது. 'தெய்வம்' என்று புகழ்ந்துவிட்டால், தெய்வத்துக்குப் பசியும் தூக்கமும் இல்லையென்று நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

சிலர், தாதியருக்கு மூச்சுப் பயிற்சியும் மனத்தை அடக்கும் பயிற்சியும் கற்பித்தால் போதுமென்பர். அவை நல்லவையே. ஆனால், வைத்தியர்களின் சோர்வைப் பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த கட்டுரையொன்று, தனி மனிதருக்குச் செய்யும் பயிற்சிகளைக் காட்டிலும் வேலை முறையையே திருத்தும் ஏற்பாடுகள் அதிகப் பயன் தந்தனவென்று காட்டியது. ஓட்டைக் குடத்தைத் துலக்கிப் பயனென்ன? முதலில் ஓட்டையை அடைக்கவேண்டும்.

நம்முள் ஆஸ்பத்திரி நடத்துவோர், "நர்சுகளை அதிகப்படுத்தினால் செலவு தாங்காதே" என்று கூறலாம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் 2016-இல் சில ஆஸ்பத்திரிகளுக்கு, சராசரியாகப் பகலில் நான்கு நோயாளிகளுக்கும் இரவில் ஏழு நோயாளிகளுக்கும் ஒரு நர்ஸ் குறையாமல் வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். அதன் விளைவை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டவர்கள், மரணம் குறைந்ததையும், நோயாளிகள் விரைவில் வீடு திரும்பியதையும், அதனால் மிச்சமான பணம் கூடுதல் நர்சுகளுக்கான செலவைப்போல் ஏறக்குறைய இருமடங்கென்பதையும் கண்டனர். அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் போனபின் புதியவரைத் தேடிப் பழக்கும் செலவை எந்தப் பேரேட்டில் எழுதுகிறோம்?

இனி நாம் செய்யத்தக்கவை யாவை என்று பார்ப்போம்.

முதலாவது, ஆஸ்பத்திரியில் நமது நடத்தை. நோயாளிக்குத் துணையாக ஒருவர் போதும். கூட்டமாக நின்று ஆளுக்கொரு கேள்வி கேட்பதும், தாமதத்துக்கு நர்ஸைக் கடிந்துகொள்வதும் ஒழியவேண்டும். ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்குவோருக்கு மூன்று முதல் பத்து வருஷம் வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் நம் மாகாணத்தில் 2008-ஆம் வருஷம் முதலே உண்டு. சட்டத்திற்கு அஞ்சி அன்று, நாணத்திற்கு அஞ்சி நாம் அடங்கவேண்டும். முறையிட வேண்டுமாயின் நிர்வாகத்திடம் முறையிடுவோம். "இவ்வார்டில் இன்னொரு நர்ஸ் வேண்டும்" என்பதே அம்முறையீடாக இருக்கட்டும்.

இரண்டாவது, வீட்டில் நமது நடத்தை. தாய்மார்களே, இதை உங்களிடமும், உங்களைவிட அதிகமாக ஆண்பிள்ளைகளிடமும் சொல்லுகிறேன். இரவு டியூட்டி முடிந்து காலையில் வரும் மகளையும் மருமகளையும் நேரே அடுப்பங்கரைக்கு அனுப்பாதீர்கள். அறையை இருட்டாக்கி உறங்கவிடுங்கள். அன்று விருந்தினரை வரவழையாதீர்கள். வரன் பார்க்கும்போது, "இரவு வேலை செய்யும் பெண் வேண்டாம்" என்று தள்ளிவிட்டு, நம் உடம்புக்கு வந்தால் மாத்திரம் இரவு நர்ஸைத் தேடுவது எந்த நியாயம்?

மூன்றாவது, ஆஸ்பத்திரி நடத்தும் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். டியூட்டிப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். ஒரு டியூட்டி முடிந்தவரை உடனே மறு டியூட்டிக்கு நிறுத்தாதீர்கள். வார விடுமுறையைப் பறிக்காதீர்கள். கட்டிலும் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையை அவர்கள் இளைப்பாற ஒதுக்குங்கள். கென்னத் ஷ்வார்ட்ஸ் என்னும் பாஸ்டன் நகரத்து வக்கீல் புற்றுநோயால் 1995-இல் இறக்குமுன், தமக்கு ஊழியம் செய்தவர்களின் கனிவு நிலைக்கவேண்டுமென்று ஒரு நிலையம் ஏற்படுத்தினார். அதன் முயற்சியால், வைத்தியரும் தாதியரும் ஓரிடத்தில் அமர்ந்து, சிகிச்சை முறையைப் பற்றியன்றி, அவ்வேலை தம் உள்ளத்தை எவ்வாறு தாக்கிற்று என்று மனம் விட்டுப் பேசும் கூட்டங்கள் பல தேசங்களில் நடைபெறுகின்றன. இதற்கு ஒரு மணி நேரமும் சில கோப்பைத் தேநீருமே செலவு.

நான்காவது, நமது சங்கத்தின் கடமை. உபகாரச் சம்பளம் கொடுத்துப் படிக்கவைத்ததோடு நம் பொறுப்பு முடிந்ததென்று எண்ணுகிறோம். கன்றை நட்டவன் தண்ணீர் வார்க்காமற் போனால் நட்டதன் பயனென்ன? நம்மவரான தாதியர் மாதம் ஒரு முறை இக்கட்டடத்தில் கூடிப் பேச ஓர் அறை ஒதுக்கப்படவேண்டும். சம்பளம், வேலை நேரம் பற்றி வழக்கு நேர்ந்தால், நம்முள் வக்கீல்களாயிருப்போர் கூலி வாங்காமல் யோசனை கூறவேண்டும். சோர்வு முற்றி உறக்கமும் ஊணும் கெட்டவர்கள் மனோவைத்தியரை நாடுவதை யாரும் இழிவாகப் பேசலாகாது. 2022 முதல் நடந்துவரும் 'டெலி மானஸ்' என்னும் சர்க்கார் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பெறலாமென்பதையும் இப்பத்திரிகையில் மாதந்தோறும் அச்சிடவேண்டுமென்று பிரேரேபிக்கிறேன்.

சகோதரர்களே! சுவரை வைத்துக்கொண்டல்லவோ சித்திரம் எழுதவேண்டும்? நம் பிணியைத் தாங்கும் சுவர் இப்பெண்மணிகள். 2019-ஆம் வருஷத்து அந்த நள்ளிரவில் நான் ஏசிய நர்ஸின் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை. அவர் இன்னும் அவ்வேலையில் இருக்கிறாரோ, என் தங்கை மகளைப்போல் விட்டுவிட்டாரோ, அறியேன். அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை இச்சபையின் முன் கேட்டுக்கொள்கிறேன்.