கரையில் கிடந்த வள்ளம் கடலுக்குப் போன கதை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், குமரி மாவட்டக் கடலோரக் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஆடு, மாடு, தையல் மெஷினுக்குக் கடன் கொடுத்த கதை நிறைய கேட்டிருப்பீங்க. நாங்க பழைய வள்ளத்துக்குக் கடன் கொடுத்தோம். அதுல நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்லப் போறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா. வீட்டுக்காரர் 2016-ல் நோயில் இறந்துட்டார். அவருடைய பைபர் வள்ளம் மூணு வருஷம் கரையிலேயே கிடந்தது. மழைத்தண்ணி நிறைஞ்சு, உள்ளே செடி முளைச்சிருந்தது. 9.9 குதிரைசக்தி இன்ஜின் வீட்டுத் திண்ணையில் சாக்குக்குள்ளே கிடந்தது. மகன் வேற ஆள் வள்ளத்தில் கூலிக்குப் போனான். பழைய இரும்புக்காரன் விலை கேட்டு வந்தப்பதான், "என்ன செய்யட்டும்?" என்று அக்கா குழுவில் கேட்டாங்க.

அன்று கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். கருவாடு விற்கிற ஒரு அக்கா, "கரையில கிடக்கிற வள்ளத்துல காசு போடுறதும் கடல்ல கொட்டுறதும் ஒண்ணுதான்" என்றாங்க. அதனால் முதலில் பார்ப்போம், பிறகு பேசுவோம் என்று தீர்மானம் எழுதினோம்.

பைபர் வேலை தெரிந்தவர் ஒரு ரூபாய் நாணயத்தால் வள்ளம் முழுக்கத் தட்டிக் காட்டினார். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் 'பொத்' என்று கேட்கும். அடிப்பகுதியில் இரண்டு இடம் போயிருந்தது. இன்ஜின் மாட்டுகிற பின்பக்கத்தில், பைபருக்கு உள்ளே இருந்த பிளைவுட் ஊறி மக்கியிருந்தது. அதை மாற்றாமல் இன்ஜினை மாட்டினால் ஆட்டத்தில் பிய்ந்து கடலில் விழும் என்றார். மொத்தச் செலவை எழுதி வாங்கி, 2019 ஆகஸ்டில் 30,000 ரூபாய் உள்கடன் கொடுத்தோம்.

வேலைக்காரர் இரண்டு நாளில் ஒட்டித் தருகிறேன் என்றார். கடன் வேண்டாம் என்று சொன்ன அதே கருவாட்டு அக்காதான் தடுத்தாங்க. "ஈரத்தோட கட்டினா கருவாடே கெட்டுப்போகும், இது ஒட்டுமா?" என்றாங்க. அது சரிதான். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. வள்ளத்தைக் கவிழ்த்து மூணு வாரம் காயவிட்டோம். பிறகுதான் கெட்டதைத் தேய்த்து எடுத்து, புதுப் பலகை வைத்து, பைபர் விரிப்பும் ரெசினும் அடுக்கடுக்காகப் போட்டார்கள். ரெசினில் சேர்க்கிற இரண்டு மருந்தையும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, தீப்பிடித்து வெடிக்கும் என்று சொல்லி, பிள்ளைகளைக் கிட்டவே விடவில்லை.

இன்ஜினைத் திறந்தால் கார்புரேட்டரில் பழைய எண்ணெய் பிசின் மாதிரி காய்ந்திருந்தது. அடியில் உள்ள கியர் ஆயில் பால் நிறத்தில் வந்தது. சீல் போய் தண்ணி உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தமாம். சீல், ஸ்பார்க் பிளக் மாற்றி, ஆயிலும் புதுசு ஊற்றினார் மெக்கானிக்.

இனிமேல்தான் என் தப்பு. மெக்கானிக் இல்லாத ஒரு நாள், குழுவினருக்குக் காட்டுகிற ஆசையில், "ஸ்டார்ட் பண்ணுடா" என்று அந்தப் பையனிடம் சொன்னேன். ஸ்டாண்டில் வைத்து, தண்ணி இல்லாமல் ஓடவிட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இன்ஜின் அடியில் இருந்து தண்ணியை இழுத்துத்தான் சூடு ஆறுகிறது. இழுக்கிறது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம். தண்ணி இல்லாமல் ஓடினால் அது கொஞ்ச நேரத்திலேயே கருகிப் போகும். மறுநாள் கடலில் இறக்கியபோது பின்னால் பீச்சி வரவேண்டிய தண்ணி வரவில்லை. மெக்கானிக் கவனித்து உடனே நிறுத்தியதால் பிஸ்டன் தப்பியது. சாமானும் கூலியும் 1,800 ரூபாய். அதைக் கடனில் சேர்க்காமல் என் கையிலிருந்து கட்டினேன். ஊக்குநர் என்றால் எல்லாம் தெரியும் என்று நினைத்ததற்கு அது அபராதம்.

பதிவு விஷயத்திலும் பேச்சு வந்தது. மகன் பேருக்கு மாற்றலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். கடன் வாங்கினது அக்கா, வள்ளமும் அக்கா பேரில்தான் என்று குழு உறுதியாக நின்றது. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து, மீன்வளத் துறை அலுவலகத்தில் அக்கா பேருக்கே மாற்றினோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தவணை நின்றது. 24 மாதத்தில் முடியவேண்டிய கடன் 2022 ஜனவரியில்தான் முடிந்தது. ஆனாலும் முழுசா முடிந்தது. பையன் இப்போ சொந்த வள்ளத்தில் போகிறான். வள்ளப் பங்கு அக்கா கைக்கு வருகிறது.

கடலோரக் குழுக்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை:

• வள்ளம் கும்மாக் கிடந்தால் கவிழ்த்து வையுங்கள், மழைத்தண்ணி தங்க விடாதீர்கள்.

• கடலில் இருந்து வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணி டிரம்மில் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். தண்ணி இல்லாமல் ஓட்டவே கூடாது.

• மண்ணெண்ணெய் இன்ஜினை நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். அடுத்த நாள் சீக்கிரம் பிடிக்கும்.

• கடன் கொடுக்கும் முன் செலவை எழுதி வாங்குங்கள். பொருள் யார் பேரில் என்று அன்றைக்கே தீர்மானத்தில் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. கூட்டத்தில் எதிர்த்துப் பேசுகிறவங்களை விரோதியாக நினைக்காதீங்க. எங்க வள்ளம் ஒட்டி நிற்பது, வேண்டாம் என்று சொன்ன அந்த அக்காவால்தான்.