செல்போன் விடை சொல்லும், வழியைப் பிள்ளை சொல்லட்டும்

(மகாராஜபுரத்தில் நடந்த மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு என்றுதான் எப்போதும் பேசுகிறோம். இன்றைக்குக் கொஞ்ச நேரம் நம் பிள்ளைகளின் கணக்குப் பாடம், அறிவியல் பாடம் பற்றிப் பேசுவோம். "அதெல்லாம் டீச்சர் பாடு, நமக்கு என்னங்க தெரியும்?" என்று அங்கே யாரோ சொல்வது காதில் விழுகிறது. நமக்குத் தெரியும். எப்படி என்று சொல்கிறோம்.

2018-ல் புதுப் பாடப்புத்தகம் வந்தபோது, பக்கத்தில் கறுப்புக் கட்டமாக ஒரு குறியீடு அச்சாகி வந்தது. க்யூ.ஆர். கோடு என்பார்கள். செல்போனை அதன்மேல் காட்டினால் பாடம் படமாக ஓடும். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடத்தை மூடியபோது டி.வி.யும் செல்போனும்தான் வகுப்பறை. பாடம் ஓடத்தான் செய்தது. ஆனால் திரும்பப் பள்ளிக்குப் போனபோது கழித்தல், வகுத்தலே தடுமாறிய பிள்ளைகள் எத்தனை பேர்! அதனால்தான் 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தது. அதில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற உள்ளூர்ப் பெண்கள்தான். படம் காட்டக் கருவி போதும். "உனக்கு எந்த இடத்தில் புரியலை?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இப்போது அடுத்த கட்டம் வந்துவிட்டது. கணக்கைப் படம் பிடித்தால் போதும், செல்போனே வரிவரியாகப் போட்டுக் காட்டிவிடுகிறது. பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறது. நாமும் வீட்டுப்பாடம் முடிந்தது என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்தக் கணக்கை யார் போட்டது?

நம்ம குழுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓர் உறுப்பினர் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அசலில் மாதாமாதம் 1,000 கட்டுகிறார். முதல் மாத வட்டி 100, அடுத்து 90, பிறகு 80. கடைசி மாதம் 10. மொத்த வட்டி எவ்வளவு? கால்குலேட்டரில் தட்டினால் 550 என்று வரும். தட்டாமலும் வரும். முதலையும் கடைசியையும் சேருங்கள்: 100-ம் 10-ம் 110. அடுத்து 90-ம் 20-ம், அதுவும் 110. இப்படி ஐந்து ஜோடி. ஐந்து 110, 550. பத்தாம் வகுப்பில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதில் பிள்ளைகள் படிப்பது இந்தக் கணக்குத்தான். நம் பதிவேட்டில் நாம் வருஷக்கணக்காக எழுதி வருவதும் இதுதான்.

இதே 10,000 ரூபாய்க்கு, அசல் குறையக் குறைய வட்டியைக் குறைக்காமல், பத்து மாதமும் 100 ரூபாயே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "அதே ஒரு வட்டிதாம்மா" என்பார்கள். அங்கே 1,000 ரூபாய் கட்டுகிறோம். 450 ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்க, விடை மட்டும் தெரிந்தால் போதாது. வழி தெரிந்திருக்க வேண்டும்.

அறிவியலும் அப்படித்தான். அமிலம், காரம் பாடத்தைச் செல்போனில் வண்ண வண்ணமாகக் காட்டுகிறார்கள், நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே, அதே பாடம்தானே அது? பிள்ளை கையால் கலக்கட்டும். பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து, மறுபடி மஞ்சளாகிறதா என்று பார்க்கட்டும். அதன்பிறகு படத்தைப் பார்த்தால் மண்டையில் நிற்கும். 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டமும் இதைத்தான் செய்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களை எடுத்துப்போய், கையால் செய்ய வைக்கிறார்கள்.

செல்போனே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புரியாத பாடத்தைப் பத்துத் தடவை திருப்பிப் போட்டாலும் அது சலித்துக்கொள்ளாது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுக்கு அது பெரிய உதவி. எங்கள் வருத்தம் வேறு. பல வீடுகளில் இருப்பது ஒரே செல்போன், அதுவும் பையன் கையில். பெண் பிள்ளை கேட்டால், "உனக்கு எதுக்கு செல்லு? பாத்திரத்தை விளக்கு" என்கிறோம். பிறகு பதினொன்றாம் வகுப்பில் கணக்கு, அறிவியல் பிரிவு எடுக்க அவள் தயங்கினால், "பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்றும் நாமே சொல்லிவிடுகிறோம். அவளுக்கும் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கூடவே உட்காருங்கள். நமக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. செல்போனை மூடி வைத்துவிட்டு, "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் போதும். சொல்லத் தெரியாமல் விழித்தால் திட்டாதீர்கள். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். கடன் 12,000, அதே வட்டி, மாதம் 1,000 அசல், 12 தவணை. மொத்த வட்டியை ஜோடி சேர்த்துப் போட்டுக்கொண்டு வரட்டும். எப்படிப் போட்டார்கள் என்று அவர்களே நம் முன்னால் சொல்லட்டும். குழுப் பதிவேட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.