நீரைத் தூய்மை செய்யும் ஒளி
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

  

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிக்கும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஆயினும், அது கலங்கலைப் படியச் செய்யுமேயன்றி, நீரிற் கரைந்த நஞ்சை அழிக்க வல்லதன்று. பூச்சிமருந்து முதலியன தெளிந்து தோன்றும் நீரிலும் கரைந்து நிற்றல் கூடும். கரியினால் வடிகட்டின், அந்நஞ்சு நீரை விட்டுக் கரியிற் சேரும். இடம் மாறிற்றேயன்றி அழிந்ததாகாது. அதனை அழித்தற்கு வழி யாதெனின், ஒளியைத் துணைக்கொள்ளலாம் என்பர் அறிஞர்.

அவ்வழி தோன்றிய வரலாறு கேண்மின். டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அகிரா புஜிஷிமா என்பார், 1967-ஆம் ஆண்டில், டைட்டானியம் டைஆக்ஸைடு என்னும் பளிங்கை நீரிலிட்டு, அதன்மேல் வன்மைமிக்க ஒளியைப் பாய்ச்சினார். குமிழிகள் எழுந்தன, ஒளியின் வலியால் நீரே பிரிந்தது. இதனை அவரும் அவர்தம் ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவும் 1972-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். 1977-இல் அமெரிக்க நாட்டு அறிஞராகிய பிராங்க், பார்டு என்னும் இருவர், அப்பொருளின் தூளும் ஒளியும் கூடின் நீரிலுள்ள சயனைடு நஞ்சு மாற்றமுறும் எனக் காட்டினர்.

இப்பொருள் கிடைத்தற்கரியதன்று, வெள்ளை வர்ணத்திற் கலக்கும் பொடியே இது. இதன் மூலமாகிய இல்மனைட்டு நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு. ஏறக்குறைய 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுடைய புறவூதாக் கதிர் அப்பொடிமேற் பட்ட அளவில், எலெக்ட்ரான் ஒன்று தன்னிலை பெயர்ந்து எழும். அது நீங்கிய வெற்றிடம் நீரினின்று வேறோர் எலெக்ட்ரானைக் கவர, ஹைட்ராக்சில் என்னும் வேகமிக்க துணுக்குத் தோன்றும். முன்னர் எழுந்த எலெக்ட்ரானை நீரிற் கரைந்த ஆக்ஸிஜன் ஏற்கும். ஹைட்ராக்சிலோ தன்னை அடுத்த கரிமநஞ்சைப் படிப்படியாகச் சிதைத்து, முற்றும் நிகழின், பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீருமாக்கும். பொடி தான் செலவாகாது நிற்றலின் வினையூக்கி எனப்படும்.

அங்ஙனமாயின் இதனை எங்கும் கையாளாதது என்னையெனின், தடைகள் சில உள. ஞாயிற்றொளியிற் புறவூதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. சாயம் செறிந்த நீரினுள் ஒளி புகாது. நுண்பொடியை நீரினின்று மீளப் பிரித்தலும் எளிதன்று. சிதைவு இடையில் நின்றுவிடின், பிறக்கும் பொருள்களுள் சில தீங்கு பயத்தலும் கூடும். எல்லாவற்றினும் மேலாக, இவ்வினை உப்பை நீக்காது.

இவ்விறுதித் தடை நம்மனோர் உளங்கொள்ளத்தக்கது. உழவர்க்கென 1992-இல் எழுந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலிற் கலந்தமையால், நன்னீர்க்கு மாறாகக் கழிவுநீர் தேங்குமிடமாயிற்று. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. சாயமேற்றுதற்கு உப்பு மிகுதியும் வேண்டும். ஒளியினாற் சாயத்தின் நிறம் போயினும் அவ்வுப்புப் போகாது. அந்நீர் பாய்ந்த வயல் கெடும். ஆகவே, நிறம் நீங்கியது கண்டு நீர் நலம்பெற்றதெனக் கொள்ளற்க.

உப்பைப் பிரிக்கும் முறைகளோடு சேர்ந்து, எஞ்சிய நஞ்சைப் போக்கும் கடைப்பணிக்கே ஒளி ஏற்றது. நஞ்சை ஆற்றில் விடாமையே முதற்பணி. முதற்பணியைக் கைவிட்டோர்க்குக் கடைப்பணி அரணாகாது. இவ்விரண்டையும் பகுத்துணரும் அறிவை நம் சிறார்க்குப் புகட்டுதல் பெற்றோர் கடனும் ஆசிரியர் கடனுமாம்.